தெற்கே போன ஆலாக்கள்

டைட்டஸ் பதினோரு வருடம் கடலைப் பார்த்தே நின்றார். ஒரு நாளாவது திரும்பி நின்று ஊர்ப்பக்கம் பார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று இப்போது சொல்வது சுலபம். நடந்து முடிந்த பிறகு எல்லாருக்கும் புத்தி வந்துவிடுகிறது.

வயது ஐம்பத்து நான்கு. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். வருடத்தில் பத்து மாதம் அவரும் மற்றவர்களைப் போலத்தான், கோப்புக்கும் டீக்கும் நடுவே பொழுது போகும். அக்டோபர் பிறந்துவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடுவார். விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு வருவார். படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்தைத் தாண்டி, உடைந்த சிமெண்ட் மேடை ஒன்றின்மேல் ஸ்டாண்டை விரித்து டெலஸ்கோப்பைப் பொருத்துவார். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை, வடக்கேயிருந்து தெற்கே போகிற கடல் பறவைகளை எண்ணுவார். பெரும்பாலும் ஆலாக்கள். புறாவைவிடச் சின்ன உடம்பு, நீளச் சிறகு, வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். எங்கோ வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பி, பல ஆயிரம் மைல் கடந்து நம் கரைக்கு வருபவை.

எண்ணுவதற்கு அவர் கையில் வைத்திருந்தது செபமாலை. பத்துப் பறவைக்கு ஒரு மணி. அக்டோபர் செபமாலை மாதம். ஊரில் மற்ற கத்தோலிக்கர்கள் எல்லாம் அருள்நிறை மரியே சொல்லி மணி தள்ளுகிறபோது இவர் மட்டும் பறவை சொல்லித் தள்ளுவார். அவர் மனைவி இருதயமேரிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "மாதா பொறுத்துக்கிறாங்க, அதுக்காக ரொம்ப சோதிக்காதீங்க" என்பாள். கடையில் விற்கிற எண்ணும் கருவி ஒன்றை அவளே வாங்கிக்கொடுத்தும் பார்த்தாள். அது மூன்றாம் நாளே உப்புக் காற்றில் மக்கர் பண்ணிவிட்டது.

வெளிநாடுகளில் கரையில் நின்று இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று இணையத்தில் படித்து, அந்த விதிகளை அவர் அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். ஒரே இடம், ஒரே நேரம். தெற்கே போவதைக் கூட்டு, வடக்கே திரும்பினால் கழி. ஒரு காலையில் சராசரி அறுநூறு, அறுநூற்றைம்பது. ஞாயிற்றுக்கிழமை பூசையும் அடைமழையும் போக, இரண்டு மாதத்தில் முப்பதாயிரத்துக்குக் குறையாது. பதினோரு வருடத்தில் மூன்றரை லட்சம். இத்தனை வருடத்தில் ஒரு பறவைகூட வடக்கே திரும்பியதில்லை. தம் கணக்கு சரி என்பதற்கு அவர் வைத்திருந்த பெரிய சாட்சியே அதுதான்.

நவம்பர் முப்பதோடு நிறுத்திவிடுவார். டிசம்பரில் குடில் கட்ட வேண்டும், நட்சத்திரம் தொங்கவிட வேண்டும், பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பறவைகளும் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவருக்கு எண்ணம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரே ஒரு காலை அங்கே வந்து நின்றிருந்தால்கூட விஷயம் வெளியே வந்திருக்கும். வரவில்லை.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்திருந்தது. ஆறு கடலில் விழுகிற இடத்தில், சிமெண்ட் மேடைக்கு வடக்கே ஒரு மைலில், ஒரு மணல் திட்டு உண்டு. அதை அள்ளி எடுத்துவிட்டுப் படகுகளுக்கு வழியை ஆழப்படுத்தப் போவதாக அறிவிப்பு வந்தது. பறவைகள் இளைப்பாறும் இடம் அது, அள்ளக் கூடாது என்று போலகத்துப் பூமிநாதன் மனுப் போட்டார். அவருக்கு மூன்று ஏக்கர் நஞ்சையும் ஓய்வூதியமும் உண்டு. மனு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள மாவட்டத்தில் ஆள் கிடையாது. மனுவின் முதல் வரியே டைட்டஸின் மூன்றரை லட்சம்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி வைத்தாயிற்று. பூமிநாதன் பெரிய பிளெக்ஸ் போர்டுகூட அடித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், டெலஸ்கோப்பில் ஓர் ஆலா போயிற்று. அதன் காலில் பச்சை நைலான் நூல், ஒரு சாண் நீளம், பின்னால் இழுபட்டது. வலை நூல். பாவம், இந்தக் கோலத்தில் இன்னும் எவ்வளவு தூரம் போகப்போகிறதோ என்று டைட்டஸ் நினைத்துக்கொண்டார். நோட்டிலும் குறித்துவைத்தார்.

புதன்கிழமை அதே பச்சை நூல் தெற்கே போயிற்று.

இன்னொன்றும் மாட்டியிருக்கிறது போல என்று அவர் தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை மழை. வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு, கூட்டத்தின் ஓரமாக, இடது காலில், அதே ஒரு சாண் பச்சை நூல் தெற்கே போயிற்று. டைட்டஸ் மணியைத் தள்ளவில்லை. விரல் அப்படியே நின்றுவிட்டது. நாடு விட்டு நாடு போகிற பறவை ஒரே இடத்தை மூன்று நாள் கடக்காது. கடந்தால் அது எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம். 

எண்ணிக்கையை அரைகுறையாக விட்டது அன்றுதான் முதல் தடவை. அலுவலக நண்பர் ஒருவருக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைத் தெற்கே பட்டினச்சேரிக்கு விட்டார். அங்கே படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. ஆண்கள் வலையை உதற உதறப் பொடி மீன்கள் அலைவிளிம்பில் விழுந்தன. அவற்றுக்கு மேலே, தலையில் இடிக்கிற உயரத்தில், ஆலாக்கள் சுற்றிச் சுற்றி விழுந்து பொறுக்கின. பச்சை நூலும் அங்கே இருந்தது.

மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்த லோகாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும், இடுப்பில் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அந்த நூலு கட்டுனத பாக்குறீங்களா சார்? எம் மவன் வலையில மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நாந்தான் அறுத்து விட்டேன். மிச்சத்த அறுத்தா காலும் சேந்து வந்துரும்னு விட்டுட்டேன்."

"எப்பம்மா?"

"அது ஆச்சு, பத்து நாளு."

"இதெல்லாம் தினமும் வருமா?"

"தெனமும்தான். பொரட்டாசி பாதியில வரும், மாசி வரைக்கும் இருக்கும். காலையில இங்க. வெயிலு ஏறுனா வயக்காட்டுப் பக்கம் போயி மேயும். அந்தியில ஆத்து வாயிக்குப் போயி படுத்துக்கும். ஏன் சார், அது ஒங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே மேட்டுல கண்ணாடி வச்சுப் பாக்குற ஆளு."

கேலி இல்லை அவள் குரலில். அதுதான் டைட்டஸுக்கு இன்னும் மோசமாக இருந்தது. பதினோரு வருடத்தில் அவர் இந்தக் கரையில் ஒரு மனுஷியிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படித்தவனுக்கு அது தோன்றவே தோன்றாது.

அன்று மத்தியானம் அவர் ஊருக்கு உள்ளே, இறால் குட்டைகளையும் நடவு வயல்களையும் ஒட்டி ஸ்கூட்டரில் வடக்கே போனார். காலையில் கூட்டமாகக் கடலோரம் போனவை, ஒன்றும் இரண்டுமாகச் சிதறி, தண்ணீர் நிற்கிற வயல்களில் தாழப் பறந்து மேய்ந்தபடி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன. அவர் தினம் காலை நிற்கிற மேடைக்கு நேர் பின்னால் முக்கால் மைல் தூரத்தில் இது நடந்தது. பதினோரு வருடமும் அலுவலகத்தில் அவர் ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது. ஞாயிறு மத்தியானம் பார்த்திருக்கலாமே என்றால், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு எந்த மனிதன் வயல்வெளிக்குப் போய் வானத்தைப் பார்ப்பான்?

பொழுது சாய்கிறபோது மணல் திட்டுக்கு எதிர்க்கரையில் போய் உட்கார்ந்தார். ஆலாக்கள் வந்து இறங்கி, எல்லாம் காற்றுக்கு எதிராக முகம் வைத்து, நெருக்கியடித்து உட்கார்ந்தன. எண்ணினார். அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் சனிக்கிழமையும் வந்து எண்ணினார். அறுநூற்று ஒன்பது. அவ்வளவுதான். மூன்றரை லட்சம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அறுநூறு பறவைகள் காலையில் சாப்பிடப் போவதைப் பதினோரு வருடம் எண்ணியிருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் போலகத்துக்குப் போய்ப் பூமிநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பூமிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபி கொண்டுவரச் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"எனக்கு நாலு வருசமாத் தெரியும் டைட்டஸ்" என்றார்.

டைட்டஸுக்கு முதலில் புரியவில்லை.

"நம்ம வயல்லயும்தான் மேயுது. சாயந்திரமானா வடக்க போவுது. ஒரு நா ரெண்டு நாளா, நாலு வருசமாப் பாக்குறேன். நீங்க நோட்ட எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறப்ப எப்புடிச் சொல்றது? ஒங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல வரல."

"அப்பறம் எப்புடி சார் மனுவுல போட்டீங்க?"

"பின்ன என்ன போடச் சொல்றீங்க? மூணு லட்சம்னு சொன்னாத்தான் ஒக்காந்து கேப்பான். அறுநூறுன்னு சொன்னா, ஒரு கோழிப் பண்ணைக்குக்கூடப் பத்தாதேம்பான். புதன்கிழமை ஒரு நாளு பேசாம இருங்க. திட்டு நிக்கட்டும். பொறவு ஒங்க நோட்ட நீங்க திருத்திக்குங்க, யாரு வேண்டாங்குறா."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டைட்டஸுக்கும் அது தெரிந்தது. வீட்டுக்கு வந்து மேரியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"தெரியாம எண்ணுனது தப்பு இல்லங்க. தெரிஞ்ச பொறவு சொல்லாம இருக்குறதுதான் பொய்யி. அத வச்சுக்கிட்டு அடுத்த ஞாயித்துக்கெழம பூசையில சாமியார்கிட்ட நன்மை வாங்க எப்படிப் போய் நிப்பீங்க?"

திங்கட்கிழமை முழுவதும் டைட்டஸுக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ஏதோ ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒன்று உறைத்தது. கடந்து போகிற மூன்றரை லட்சத்துக்கு அந்தத் திட்டு எதற்கு? வழியில் போகிறவை வழியில் போகும். இந்த அறுநூறுதான் ஐந்து மாதம் இங்கேயே கிடக்கிறது. நாயும் மனிதரும் வர முடியாமல் சுற்றிலும் தண்ணீர் உள்ள இடம் இந்தக் கரையில் அது ஒன்றுதான். இத்தனை தூரம் பறந்து வந்து அவை படுப்பது அந்த ஒரு துண்டு மணலில்தான். ஆக, உண்மைக் கணக்கு பொய்க் கணக்கைவிட வலுவானது. இதைச் சொன்னால் எந்த மனிதனுக்கும் புரியும். அன்று மாலை அவர் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். அந்த ஒரு மாலை அவருக்கு நம்பிக்கை இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கப்புறம் இல்லை.

புதன்கிழமை கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஒரு பக்கம் மீனவர்கள், அவர்களோடு லோகாம்பாளும் பத்துப் பதினைந்து பெண்களும். இன்னொரு பக்கம் பூமிநாதன், அவர் பின்னால் சுவரில் 'மூன்றரை லட்சம் பறவைகளின் வழி' என்று பிளெக்ஸ். மேடையில் அதிகாரி, நாற்பது வயதுப் பெண், பொறுமைசாலி. லோகாம்பாள்தான் முதலில் பேசினாள். போன வருடம் அந்தத் திட்டில் மோதித் தன் மகன் படகு கவிழ்ந்ததையும், இரண்டு பேர் தண்ணீர் குடித்துப் பிழைத்ததையும் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

டைட்டஸ் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, சுவரில் இருக்கிற எண்ணிக்கை தவறு, தவறு தம்முடையது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். பூமிநாதன் தலையைக் குனித்துக்கொண்டார். டைட்டஸ் விடாமல் அந்த அறுநூற்றைப் பற்றிச் சொன்னார். காலையில் போவது, மத்தியானம் வயலில் மேய்வது, அந்தியில் திட்டில் படுப்பது, அவற்றுக்கு வேறு இடம் கிடையாது என்பது. முதல்நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபோது இருந்த தெம்பு வெளியே வரும்போது இல்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் சொன்னார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. இந்த அறுநூறு நீங்க எத்தன நாள் எண்ணுனது?"

"ரெண்டு நாள்மா."

"மூணரை லட்சம் பதினோரு வருசம் எண்ணுனது. அதுவே தப்புங்கிறீங்க. ரெண்டு நாள்ல எண்ணுனத நான் எத நம்பி எழுதுறது?"

டைட்டஸ் கையிலிருந்த நோட்டை மூடினார். அது நியாயமான கேள்வி. தம் மேஜைக்கு ஒரு கோப்பில் இப்படி வந்திருந்தால் அவரே அதைத்தான் கேட்டிருப்பார். நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி ஏறியது: 'பறவைகள் குறித்த எண்ணிக்கை முழுவதும் சம்பந்தப்பட்டவராலேயே திரும்பப் பெறப்பட்டது.' மீனவர் பக்கம் யாரோ சிலர் கை தட்ட, பெரியவர்கள் அவர்களை அடக்கினார்கள்.

வெளியே செருப்பு மாட்டும்போது லோகாம்பாள் பக்கத்தில் வந்தாள். "மனசுல வச்சுக்காதீங்க சார். அதுங்க எங்கயாச்சும் போயி படுத்துக்கும்."

"எங்கம்மா?"

அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். கடலோரம் முழுக்க அவளுக்குத் தெரியும், அதனால் நிஜமாகவே யோசித்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கோடையில், மீன்பிடித் தடைக்காலத்தில், இயந்திரம் வந்து திட்டை அள்ளியது. இருபது நாள் வேலை. அதற்கப்புறம் ஒரு படகும் அங்கே கவிழவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பூமிநாதன் டைட்டஸோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்காவது எதிர்ப்பட்டால் தலையசைப்பார், அவ்வளவே.

அக்டோபர் பிறந்தது. டைட்டஸ் மேடைக்கு வந்தார். இந்தத் தடவை கடலையும் பார்த்தார், திரும்பி ஊரையும் பார்த்தார். காலையில் நின்றார், அரைநாள் லீவு போட்டு மத்தியானம் வயல்களைச் சுற்றினார், அந்தியில் ஆற்று வாயில் உட்கார்ந்தார். இப்போது எப்படி எண்ண வேண்டும் என்று அவருக்கு முழுக்கத் தெரியும். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு காலையில் ஒன்பது ஆலாக்கள் வந்தன. திட்டு இருந்த தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் போயின. மறுநாள் அவையும் இல்லை. பட்டினச்சேரிக்குப் போய்க் கேட்டார். "வரல சார்" என்றாள் லோகாம்பாள். "வலைய ஒதறுறப்ப மேல பாத்துப் பாத்து எங்களுக்கே ஒரு மாதிரிதான் இருக்கு." தெரிந்தவர்களுக்குப் போன் பண்ணி வடக்கேயும் தெற்கேயும் விசாரித்தார். எங்கேயும் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

நவம்பர் முடிந்தும் நிறுத்தவில்லை. டிசம்பரிலும் போய் நின்றார். அந்த வருடம் குடிலைப் பேரப்பிள்ளைகளே கோணல்மாணலாகக் கட்டினார்கள். ஜனவரியில் உட்கார்ந்து, நாள்வாரியாக எல்லாவற்றையும் எழுதி, பறவைகள் இல்லாமல் போய்விட்டன, வேறு ஒரு திட்டையாவது அவற்றுக்கு அமைத்துத்தர முடியுமா என்று கேட்டு மனு அனுப்பினார். மனு எழுதித் தர இப்போது பூமிநாதன் இல்லை. தாமே எழுதினார். இத்தனை சுத்தமான கணக்கை அவர் வாழ்நாளில் எழுதியதில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. கண்ணாடி அலுவலகத்தில் மறந்துபோனதால் மேரியைப் படிக்கச் சொன்னார். அவள் நின்றபடியே படித்தாள். "'தாங்கள் அனுப்பிய இவ்வாண்டுக் கணக்கு பெறப்பட்டது. எனினும் முந்தைய ஆண்டுகளுக்கான எண்ணிக்கை எதுவும் பதிவில் இல்லை. ஏற்கெனவே அளிக்கப்பட்டது தங்களாலேயே திரும்பப் பெறப்பட்டுள்ளது. ஒப்பிட ஏதும் இல்லாத நிலையில், பறவைகள் குறைந்துள்ளன எனக் கருத இடமில்லை.'"

கடிதத்தில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எழுத்தர் வேலையில் முப்பது வருடம் இருந்தவருக்கு அது தெரியாதா? அந்த அறுநூறும் இங்கே இருந்தன என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் அந்தத் தப்புக் கணக்குதான். அதை மண்டபத்தில் எழுந்து நின்று அழித்தவர் அவர்தான்.

"அன்னிக்கு நான் பேசாம இருந்துருக்கணுமா மேரி?" என்று கேட்டார்.

முப்பது வருடத்தில் இது சரி, இது பாவம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்ததில்லை. கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியலைங்க" என்றாள்.